கோஸின் மேல் இலை

குருவைத் தேடிக் கேள்வியோடு வருகிறவர்கள் உண்டு. கண்ணீரோடு வருகிறவர்களும் உண்டு. சொக்கநாதன் மாஸ்டர் கரண்டியோடு வந்தார்.

சின்னக் கரண்டி என்று நினைத்துவிட வேண்டாம். கை நீளத்துக்கு இரும்புக் கரண்டி. முப்பத்தெட்டு வருஷம் கல்யாணச் சமையலில் தேய்ந்து வாய் ஒரு பக்கமாகக் கோணிப் போயிருந்தது. மலை பஸ்ஸில் அதை மடியில் நிறுத்தி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பக்கத்து சீட்டுக்கு ஒருத்தரும் வரவில்லை.

மலைமேல் இருந்தது அந்த மடம். மடம் என்றதும் பெரிசாகக் கற்பனை பண்ணக் கூடாது. தகரம் வேய்ந்த ஒரு கூடம், ஒரு சமையல்கட்டு, சுற்றிலும் கோஸ் தோட்டம், அவ்வளவுதான். குருவாக இருந்தவர் தையல்நாயகி அம்மா. அவருக்கு வயசு முப்பத்தாறு. மாஸ்டருக்கு ஐம்பத்தொன்பது. நமக்கு மகளாக இருக்கக்கூடிய வயசில் ஒரு குருவா என்று வாசலிலேயே கொஞ்சம் தயங்கினார். வந்த காரியம் ஞாபகம் வந்ததும் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு விழுந்து கும்பிட்டார்.

"எந்திரிங்க ஐயா. முதல்ல சாப்பிடுங்க" என்றார் அம்மா.

மாஸ்டருக்குச் சுருக்கென்றது. மலையேறி வந்த மனுஷனை 'வாங்க' என்று ஒரு வார்த்தை கேட்கவில்லையே! கல்யாண வீடுகளிலேயே ஆயுசைக் கழித்தவர். சோறு குழைந்தால்கூடப் பொறுத்துக்கொள்வார், வரவேற்பில் குறை வைத்தால் பொறுக்க மாட்டார். ஆனாலும் பேசாமல் உட்கார்ந்தார்.

அன்றைக்குச் சமைப்பது அம்மாவின் முறை. தட்டில் சோறு, பக்கத்தில் கரும்பச்சையாக என்னவோ ஒரு கீரை. மடத்தில் இருந்த மற்ற நாலு பேரும் சோற்றில் மோரை நிறைய ஊற்றிக்கொண்டு தலை நிமிராமல் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். ஏன் என்று முதல் வாயிலேயே தெரிந்துபோயிற்று. ஐயோ! வேகவே இல்லை. நார் நாராகப் பல்லில் மாட்டியது. உப்பு டப்பா கை தவறிக் கவிழ்ந்திருக்க வேண்டும்.

"எப்படி இருக்கு?" என்று கேட்டார் அம்மா.

"நல்லா இருக்கும்மா" என்றார் மாஸ்டர். இரண்டு வாயோடு கையைக் கழுவினார்.

அம்மா சிரித்துக்கொண்டார். "சரி, என்ன விஷயமா இவ்வளவு தூரம்?"

கேட்டதுதான் தாமதம், மாஸ்டர் கொட்டித் தீர்த்துவிட்டார்.

"முட்டி போயிருச்சும்மா. கல்யாண வேலை போதும்னு விட்டுட்டேன். எங்க வீட்டுல மரகதம் எனக்கு முப்பத்திரண்டு வருஷமா ஆக்கிப் போட்டவ. இனிமே நீ உட்காரு, அடுப்படி என் பொறுப்புன்னுட்டேன்."

"நல்ல காரியம்தானே?"

"நல்ல காரியம்தான். அவதான் சாப்பிட மாட்டேங்கிறா. ரெண்டு வாய் வைக்கிறா, 'நல்லா இருக்கு'ங்கிறா, எந்திரிச்சுப் போயிடுறா. ஆறு மாசமா இதே கதை. போன வெள்ளிக்கிழமை சந்தைக்குக் கிளம்பினேன். பையை மறந்துட்டுப் பாதி வழியில திரும்பி வந்தேன். அடுப்படியில இத்தனூண்டு சட்டி. அதுல..."

மாஸ்டர் கரண்டியைத் தரையில் ஊன்றிக்கொண்டார்.

"அதுல என்ன?"

"கோஸ் இலைம்மா! பொரியலுக்கு முன்னாடி உரிச்சு எடுப்போமே, தடிமனா, கரும்பச்சையா, அந்த மேல் இலை. மாட்டுக்குப் போடுறதுக்குக் கூடையில ஒதுக்கி வெச்சிருந்தேன். அதை எடுத்துக் கழுவி, வதக்கி, சோத்துல பிசைஞ்சு, நின்னுக்கிட்டே வழிச்சு வழிச்சுச் சாப்பிடுறாம்மா. நான் முந்திரி போட்டுச் செஞ்ச பொரியல் பக்கத்துல மூடினது மூடினபடி இருக்கு."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"என்னத்தைச் சொல்ல? பூனை மாதிரி வந்த வழியே போயிட்டேன். மூவாயிரம் பேர் சாப்பிட்ட கல்யாணம் பண்ணியிருக்கேன். ஒருத்தர் வாயிலயிருந்து ஒரு குறை வந்ததில்லை. என் வீட்டுல என் சட்டி காலியாக மாட்டேங்குது. ஒரு நாள், ஒரே ஒரு நாள் அதை அவ காலி பண்ணிட்டாப் போதும்மா. கீரை மட்டும் எனக்கு இருபத்திரண்டு விதம் தெரியும். மசியல், கூட்டு, புளிக்கீரை, பொரிச்ச குழம்பு, வடைன்னு எது வேணும்னாலும் கேளுங்க, செய்யறேன். இந்த மேல் இலை மட்டும் தெரியாது. மேல மடத்துல தினமும் அதுதான்னு காய்கறிக் கடைக்காரர் சொன்னாரு. இருபத்திமூணாவதா எனக்கு அதைக் கத்துக் கொடுங்க."

"இப்ப நீங்க சாப்பிட்டது அந்த இலைதான்."

மாஸ்டர் எச்சிலை விழுங்கினார். "இதைத் தவிர வேற ஏதாவது பக்குவம் இருக்காம்மா?"

மோர்க்காரர்கள் நாலு பேரும் ஒரே நேரத்தில் இருமினார்கள்.

மறுநாள் காலையில் அம்மா தோட்டத்துக்குக் கூட்டிப்போனார். கோஸை வெட்டி லாரியில் ஏற்றிவிட்ட பாத்திகள். மேல் இலைகள் மட்டும் பூவிரித்த மாதிரி மண்ணிலேயே கிடந்தன. அம்மா ஒரு கட்டு பறித்து அவர் கையில் கொடுத்தார்.

"கீழ்த் தெருவுல மூணு வீடு சொல்றேன். ஆளுக்குக் கொஞ்சம் கொடுங்க. அவங்கவங்க வழக்கம் போலச் செய்யட்டும். பார்த்துட்டு வாங்க. கரண்டி இங்கயே இருக்கட்டும்."

மாஸ்டர் மத்தியானத்துக்கு முன்பே திரும்பிவிட்டார். கையில் ஒரு பழைய கல்யாணப் பத்திரிகை. அதன் முதுகெல்லாம் எழுத்து.

"குறிச்சுக்கிட்டு வந்துட்டேன்மா! முதல் வீடு குருவம்மா. நடு நரம்பைச் சீவிட்டு, இலையை அடுக்கிச் சுருட்டி, நூல் மாதிரி அரியறாங்க. துவரம்பருப்போட வேகவெச்சுக் கடையறாங்க. கடைஞ்சது அதிகம், கூழாப் போச்சு. காரமே இல்லை. ரெண்டாவது ஜீப் ஓட்டுற சேவியர். கத்தியே கிடையாது, கையால பிய்க்கிறாரு. பூண்டைத் தட்டிப் போட்டுப் புளியை ஊத்துறாரு பாருங்க, கூசுது. மேல ஒரு கருவாட்டுத் தலை வேற! நான் மூக்கைப் பொத்திக்கிட்டேன். மூணாவது ராக்கம்மா வீடு. அரிசி, பருப்பு, மிளகாய் அரைச்சு முழு இலையில தடவிச் சுருட்டுறாங்க. ஆவியில வேகவெச்சு, வட்டம் வட்டமா நறுக்கி, தோசைக்கல்லுல போட்டு எடுக்கிறாங்க. அருமையான பக்குவம். ஆனா ஓரமெல்லாம் கருக விட்டுட்டாங்க."

"யார் சாப்பிட்டாங்க?"

"என்னம்மா?"

"செஞ்சதை யார் சாப்பிட்டாங்க?"

மாஸ்டர் பத்திரிகையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அதில் இல்லை.

"அது... இறக்கினதும் கிளம்பிட்டேன்மா."

"ஏன்?"

"இறக்கினா வேலை முடிஞ்சதே!"

அவரைக் குற்றம் சொல்லிப் பிரயோசனமில்லை. அந்தத் தொழிலே அப்படி. கல்யாணச் சமையலில் மாஸ்டர் ருசி பார்க்க மாட்டார். சாமிக்குப் படைக்குமுன் நாக்கில் வைக்கக் கூடாது, வாசனையை வைத்தே உப்பைச் சொல்லிவிடுவார். சாம்பார் வாளி சமையல்கட்டைத் தாண்டிவிட்டால் அப்புறம் அது பரிமாறுகிறவர்கள் பாடு. மாஸ்டர் தோளில் கிடக்கும் துண்டை ஓர் உதறு உதறி, மண்டபத்துப் பின்பக்கம் விரித்துப் படுத்துவிடுவார். கடைசிப் பந்தி எழுந்ததும் பெண் வீட்டார் வந்து, "அமோகம் மாஸ்டர்!" என்று எழுப்புவார்கள். முப்பத்தெட்டு வருஷத்தில், தான் சமைத்ததை ஒருவர் வாயில் வைத்து அவர் கண்ணால் பார்த்ததில்லை.

வீட்டிலும் அதே கதைதான். மரகதத்துக்குத் தலைவாழை இலை போட்டு வரிசையாகப் பரிமாறுவார். அப்புறம் துண்டை உதறிக்கொண்டு பின்கட்டுக்குப் போய்விடுவார்.

"நாளைக்கு மறுபடியும் போய்ட்டு வாங்க" என்றார் அம்மா.

மறுநாள் சாயங்காலம் ஆகிவிட்டது. மாஸ்டர் கையில் பத்திரிகையும் இல்லை, பேனாவும் இல்லை. சட்டையில் மட்டும் புளிக்கறை. வாசலிலேயே ஆரம்பித்துவிட்டார்.

"அம்மா! அந்தக் குருவம்மா கூழாக் கடைஞ்சாங்களே, அது அவங்க மாமியாருக்கும்மா. வாயில ஒரு பல்லு கிடையாது. தட்டைத் தட்டிக்கிட்டுக் கத்துறாங்க, 'ஏன்டி காரமே இல்லை? நான் என்ன செத்தா போயிட்டேன்?'னு. 'வாய்ப்புண்ணு நேத்துத்தானே ஆறுச்சு அத்தை'ங்கிறாங்க இவங்க. 'அதை நான் பார்த்துக்கறேன், மிளகாயைக் கிள்ளிப் போடு'ன்னு ஒரே சண்டை. சண்டை போட்டுக்கிட்டே மூணு தடவை வாங்கிச் சாப்பிடுறாங்க!"

"சேவியர்?"

"அவரு சம்சாரம் ஸ்டெல்லா மத்தியானம் வேலையிலிருந்து வந்தாங்க. ஒரு வாய் வெச்சுட்டு, 'புளியைப் போட்டியா, புளியமரத்தையே போட்டியா?'ன்னு கேட்டாங்க பாருங்க! சொல்லிட்டு அவர் தட்டுல இருந்ததையும் வழிச்சுட்டாங்க. எனக்கும் ஒரு கை வெச்சாங்க. கருவாட்டுத் தலையை ஒதுக்கிட்டுத்தான் சாப்பிட்டேன்." கொஞ்சம் யோசித்தார். "ரொம்பவெல்லாம் ஒதுக்கலை."

அம்மா வாயைப் பொத்திக்கொண்டார்.

"ராக்கம்மா வீட்டுல ரெண்டு பொண்ணுங்க. என்ன பண்ணுதுங்க தெரியுமா? கருகின ஓரத்துக்கு அடிச்சுக்குதுங்கம்மா! நான் தப்புன்னு எழுதி வெச்சேனே, அந்த ஓரம்! 'இன்னைக்கு ஏன் சரியாக் கருகலை'ன்னு சின்னது அழுவுது!"

சொல்லிவிட்டு அவரே விழுந்து விழுந்து சிரித்தார். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. துண்டால் துடைத்துக்கொண்டார்.

"எல்லா வீட்டுலயும் திட்டுறாங்கம்மா. திட்டிக்கிட்டே சட்டியைக் காலி பண்ணிடுறாங்க."

சிரிப்பு மெல்ல நின்றது. துண்டு கையிலேயே இருந்தது.

"மரகதம் என்னை ஒரு நாளும் திட்டினதில்லையேம்மா" என்றார்.

அம்மா எழுந்து உள்ளே போனார். ஒரு கட்டு இலையும், அந்தக் கோணல் கரண்டியும் கொண்டுவந்து கொடுத்தார்.

"காலையில முதல் பஸ்ஸுக்குக் கிளம்புங்க."

"இதை எப்படிச் சமைக்கட்டும்மா? பருப்பா, புளியா, சுருட்டியா?"

அம்மா அவர் கையிலிருந்த துண்டை எடுத்து மடித்துத் தன் பக்கத்தில் வைத்துக்கொண்டார்.

"இது இங்க இருக்கட்டும்" என்றார். "போய்ட்டு வாங்க."

மலை இறங்கும் வழியெல்லாம் மாஸ்டருக்குத் தோள் லேசாகி, என்னவோ மாதிரி இருந்தது.

வீட்டுக்குப் போனதும் மூன்று வீட்டுப் பக்குவத்தையும் மனசில் போட்டு உருட்டினார். கடைசியில் இலையை நூலாக அரிந்து, தேங்காயும் முந்திரியுமாக ஒரு பொரியல் செய்தார். பழகின கை, வேறு எங்கே போகும்? வாழை இலை போட்டார். பரிமாறினார். கை தானாகத் தோளுக்குப் போனது. அங்கே துண்டு இல்லை.

கையை என்ன செய்வதென்று தெரியவில்லை. இரண்டு தரம் தோளைத் தடவினார். அப்புறம், முட்டியைப் பிடித்துக்கொண்டு மரகதத்துக்கு எதிரே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

மரகதம் பயந்துபோனாள். "என்னங்க, முட்டி வலிக்குதா?"

"இல்லை. சும்மாதான். நீ சாப்பிடு."

அவள் ஒரு வாய் வைத்தாள். "நல்லா இருக்கு."

அவர் எழுந்திருக்கவில்லை.

இரண்டாவது வாய். "நல்லா இருக்குங்க."

அவர் அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். இந்த இடத்தில்தான் அவள் வழக்கமாக எழுந்துவிடுவாள். எதிரே ஆள் உட்கார்ந்திருக்கும்போது எப்படி எழுந்திருப்பாள்? மூன்றாவது வாயை எடுத்தாள். பாதி வழியில் கையை இலையிலேயே வைத்துவிட்டாள்.

"ஒண்ணு சொல்லட்டுமா? கோவிச்சுக்க மாட்டீங்களே?"

"சொல்லு."

"உப்பே இல்லை."

மாஸ்டருக்குத் தூக்கிவாரிப் போட்டது. உப்பு! யோசனையில் போடவே இல்லை. முப்பத்தெட்டு வருஷத்தில் நடக்காதது.

மடை திறந்தாயிற்று. இனி மரகதத்தை யார் நிறுத்துவது? "அது இன்னைக்கு. ஆறு மாசமா இருக்கிறதைச் சொல்றேன், கேளுங்க. ரெண்டு பேருக்கு எதுக்கு ஒரு மூடித் தேங்காய்? எதைத் தொட்டாலும் முந்திரி, நெய், ஏலக்காய்! தினமும் கல்யாணச் சாப்பாடு சாப்பிட முடியுமா? தினமும் யாராவது கல்யாணம் பண்ணிக்குவாங்களா? எனக்கு இலை நறுக்கு நறுக்குன்னு கடிபடணும். பூண்டு வேணும். வரமிளகாய் கருகிக் கமறணும்!"

"இத்தனை நாளா ஏன்டி சொல்லலை?"

"யார்கிட்டச் சொல்ல? வாழை இலைகிட்டயா? பரிமாறிட்டு ஆள் இருந்தாத்தானே!"

மாஸ்டர் துண்டில்லாத தோளை ஒரு தரம் பார்த்துக்கொண்டார். அப்புறம் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. மரகதத்துக்கும் சிரிப்பு வந்துவிட்டது. மூவாயிரம் பேர் மெச்சியபோது வராத சந்தோஷம் அன்றைக்கு அந்த மனுஷனுக்கு வந்தது. முட்டி வலியை மறந்து எழுந்தார். மிச்ச இலையை எடுத்துப் பூண்டைத் தட்டினார். "இன்னும் தட்டுங்க" என்றாள் மரகதம் அடுப்படி வாசலில் நின்று. "போதும் போதும், இறக்குங்க!" என்றாள். "ஐய, அதுக்குள்ளவா இறக்குறது!" என்றும் அவளேதான் சொன்னாள்.

இத்தனூண்டு சட்டி. இரண்டு பேரும் அதிலேயே சோற்றைப் போட்டுப் பிசைந்தார்கள். கடைசியில் மரகதம் சட்டியின் அடியை விரலால் வழித்து, விரலை நக்கி, "அடுத்த தடவை இவ்வளவு மிளகாய் வேண்டாம்" என்றாள்.

ஒரு வாரம் கழித்து மாஸ்டர் மறுபடியும் மலையேறினார். இந்தத் தடவை கரண்டி இல்லை. மரகதம் கொடுத்தனுப்பிய எலுமிச்சை ஊறுகாய் பாட்டில் மட்டும் கையில்.

"சட்டி காலிம்மா!" என்று வாசலிலிருந்தே கத்தினார். "தினமும் காலி! தினமும் திட்டு!"

"எப்படிச் சமைச்சீங்க?" என்று கேட்டார் அம்மா. இந்தத் தடவையும் 'வாங்க' இல்லை. மாஸ்டர் அதைக் கவனிக்கும் நிலையில் இல்லை.

"பூண்டு போட்டேன்... அப்புறம் அவ ஏதோ சொன்னா, நான் ஏதோ போட்டேன்..." நெற்றியைத் தேய்த்தார். "எப்படின்னு சரியா ஞாபகம் இல்லைம்மா. அவ சாப்பிட்டது மட்டும் அப்படியே ஞாபகம் இருக்கு. அடியில ஒட்டினதை இடது பக்கமிருந்து வழிப்பா. முப்பத்திரண்டு வருஷமா எனக்குத் தெரியாது."

"சரி, முதல்ல சாப்பிடுங்க."

அன்றைக்கும் அம்மாவின் முறை. நாலு பேரும் மோர்ச் செம்பைப் பக்கத்தில் இழுத்து வைத்துக்கொண்டார்கள். தட்டில் சோறு விழுந்தது. பக்கத்தில் அதே கரும்பச்சை. மாஸ்டர் பிசைந்து ஒரு வாய் வைத்தார். அதே நார். அதே உப்பு.

"எப்படி இருக்கு?"

"நல்லா..." என்று ஆரம்பித்தவர் நிறுத்தினார். நிமிர்ந்தார். எதிரே, சம்மணம் போட்டு, அவர் வாயையே பார்த்துக்கொண்டு அம்மா உட்கார்ந்திருந்தார்.

"கொடுமையா இருக்கும்மா!" என்றார் மாஸ்டர்.

மோர்ச் செம்புகள் நடுவாந்தரத்தில் நின்றன.

"என்னம்மா இது? நடு நரம்பை எடுத்தீங்களா? எடுக்கலை. கீழ்த் தெருவுல எல்லா வீட்டுலயும் சீவுறாங்க, உங்களுக்கு மட்டும் என்ன? அடுப்புல வெச்சு நாலு நிமிஷத்துல இறக்க இங்க என்ன பஸ்ஸா கிளம்புது? உப்பை யாராவது இப்படியா அள்ளிப் போடுவாங்க? ஊருக்கெல்லாம் ஞானம் சொல்றீங்க!"

திட்டிக்கொண்டே பிசைந்தார். பிசைந்துகொண்டே தின்றார். நாரைப் பல்லிலிருந்து பிடுங்கி எடுத்து, அதற்கும் ஒரு திட்டு வைத்து, ஊறுகாய் பாட்டிலைத் திறந்து ஒரு துண்டு போட்டுக்கொண்டு, தட்டைத் துடைத்து வைத்தார். அப்புறம் தட்டை அம்மாவிடம் நீட்டினார்.

"இன்னும் கொஞ்சம் போடுங்க."

அம்மாவின் முகம் முழுக்கச் சிரிப்பாகிவிட்டது. ஒரு கரண்டி அள்ளித் தட்டில் வைத்தார். மடித்து வைத்திருந்த துண்டை எடுத்து அவர் தோளில் போட்டார்.

"வாங்க ஐயா, வாங்க" என்றார். "இப்பத்தான் வர்றீங்களா?"